கம்பெனியா, லோக்கலா?

தொண்ணூறுகளில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ஸ்பேர்ஸ் கடைகளில் எதைக் கேட்டாலும் பதிலுக்கு முதலில் வருவது இந்தக் கேள்விதான். கிளட்ச் பிளேட்டோ, கேபிளோ, மட்கார்டு போல்ட்டோ, கடைக்காரர் ரேக்குப் பக்கம் கையை நீட்டுவதற்கு முன் நம் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். லோக்கல் என்று சொல்கிறவருக்குக் குரல் கொஞ்சம் இறங்கும். அப்பாவுக்கு இறங்கியதே இல்லை. 1991-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு அவர் வாங்கிய சாமான் எல்லாம் கம்பெனி பாக்கெட்டில்தான் வந்தது. அந்தப் பாக்கெட்டைக் கிழிக்கவும் விடமாட்டார். மேல் ஓரத்தை பிளேடால் கீறி, சாமானை எடுத்துக்கொண்டு, பார்ட் நம்பர் தெரிகிற மாதிரி மடித்து ஆர்சி புத்தகத்துக்குள் வைத்துவிடுவார். வீட்டில் ரேஷன் கார்டுக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

வண்டி இப்போது என் கையில். போன ஐப்பசியில் கிளட்ச் ஸ்லிப் ஆக ஆரம்பித்தது. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் என்னை ஒதுக்கிவிட்டு முந்திப் போனார். ஒருகாலத்தில் போலீஸும் திருடனும் ஒரே ஆசையோடு தேடிய வண்டி என்று சொல்வார்கள். அதில் உட்கார்ந்து ஷேர் ஆட்டோவுக்கு வழிவிடுவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதே தெருவுக்குப் போனேன். கம்பெனியா லோக்கலா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. கவுண்டரில் இருந்த பையன் கேட்டது, "எந்த மேக் வேணும்ணா?" அவன் ஐந்தாறு பெயர் சொன்னான். "கம்பெனி கிடைக்குமா?" என்றேன். உள்ளே போய் ஒரு பாக்கெட்டை எடுத்து வந்து வைத்தான். "பாக்கெட் ஒரிஜினல்ணா. உள்ள இருக்கறதுக்கு நான் பொறுப்பில்ல."

முப்பது வருடத்தில் என்ன நடந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஆர்எக்ஸ் 100 எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் வழியாக இங்கே வந்தது 1985 கடைசியில். 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், 11 குதிரைத் திறன். 1996-இல் தயாரிப்பு நின்றது. அந்தப் பதினோரு வருடமும், நின்ற பிறகு இன்னும் சில வருடமும், கம்பெனி சாமான் என்றால் டீலரிடம் போய்ப் பணத்தைக் கொடுத்து வாங்குகிற பொருள். கையில் காசு இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. இன்று வல்லம் வடகாலில் யமஹாவுக்குத் தொழிற்சாலையே இருக்கிறது, வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து வருபவை வேறு தலைமுறை வண்டிகள். நம்முடையது தாத்தா.

கிளட்ச் உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருமுறையாவது பார்த்தால்தான் மேலே சொல்வது விளங்கும். வட்டத் தட்டுகள், ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கியிருக்கும். ஒரு வகைத் தட்டில் உராய்வுப் பட்டை ஒட்டியிருக்கும். அது தன் காதுகளால் வெளிக்கூடான ஹவுசிங்கின் பள்ளங்களில் உட்கார்ந்து எஞ்சினோடு சுற்றும். இன்னொரு வகை வெறும் ஸ்டீல். அது உள்பற்களால் நடுவிலிருக்கும் ஹப்பைப் பிடித்துக்கொண்டு கியரோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் அடுக்கை அழுத்திப் பிடித்திருக்கும்வரை எல்லாம் ஒரே உடம்பு. லீவரைப் பிடித்தால் பிரிந்து நிற்கும். இத்தனையும் கியர் ஆயிலில் குளித்துக்கொண்டே நடக்கிறது. எண்ணெயில் நனைந்த இரண்டு தட்டுகள் வழுக்காமல் ஒன்றையொன்று பிடிக்க வேண்டும் என்றால், ஒட்டியிருக்கிற பட்டை சாதாரணப் பொருளாக இருக்க முடியாது.

அந்தக் காலத்தில் அது கார்க். போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கம் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. ஆயிலைக் குடித்துவிட்டும் பிடி விடாது. பாய், அதாவது அப்பாவின் மெக்கானிக், திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் ஒரு வேப்பமரத்தடியில் கடை வைத்திருந்தார். புதுப் பிளேட்டை வாங்கிக் கொடுத்தால் அன்றைக்கே மாட்டமாட்டார். முந்தின ராத்திரி ஒரு டால்டா டப்பாவில் ஆயிலை ஊற்றி ஊறப்போட்டுவிடுவார். "ஊறாத பிளேட்டு எரிஞ்சிரும் சார். இட்லிக்கு அரிசி ஊற வைக்கறதில்லையா?" ஸ்கூட்டர் பிளேட்டுகளுக்கு மட்டும் தேய்ந்த கார்க்கைச் சுரண்டிவிட்டுப் புதுசு அடித்துத் தருகிறவர்கள் இருந்தார்கள். நம் வண்டிக்கு அதெல்லாம் வேண்டாம் என்பது அப்பாவின் தீர்ப்பு.

லோக்கல் மேல் அவருக்கு இருந்த பயம் வெறும் வீம்பு இல்லை. கல்லூரியில் என் நண்பன் ஒருவன் பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று ஒரு பிளேட் செட்டை வாங்கி மாட்டினான். இரண்டு மாதம் ஓடியது. அப்புறம் ஆயில் வடித்தபோது தட்டில் கார்க் துகள் ரவை மாதிரி படிந்து கிடந்தது. ஒட்டின பசை ஆயிலில் கரைந்துவிட்டது. ஸ்டீல் தட்டுகளோ சூட்டில் வளைந்து, சிக்னலில் நியூட்ரலே விழாமல் போனது. அதற்கும் லோக்கல் வைத்தியம் இருந்தது. ஸ்லிப் ஆனால் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர். இன்னும் ஸ்லிப் ஆனால் இரண்டு வாஷர். கடைசியில் லீவரைப் பிடிக்கிறவனுக்குப் பயில்வான் கை வேண்டும்.

போன ஐப்பசிக்கு வருகிறேன். பாய்க்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கடையை மகன் பார்க்கிறான். வேப்பமரம் இல்லை, ஹைட்ராலிக் லிஃப்ட் இருக்கிறது. பாய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, மகன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிக்கரைக் கழற்றி, வலது பக்கக் கவரைத் திறந்ததும் அந்த வாசனை அடித்தது. தீய்ந்த எண்ணெயும் கருகிய பட்டையும் கலந்த வாசனை. கிளட்சைத் தள்ளிப் பிரிக்கிற புஷ் ராடுகளுக்கு நடுவில் இருக்கிற சின்ன எஃகுக் குண்டு எப்போதும் போல உருண்டு லிஃப்டுக்கு அடியில் போனது. மகன் காந்தத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது பாய் தன் செருப்பைத் தூக்கிக் காட்டினார். குண்டு அதன் கீழே. முப்பது வருடமாக அது எங்கே உருளும் என்று அவருக்குத் தெரியும்.

உராய்வுத் தட்டு புதுசில் 3 மி.மீ. பக்கம் இருக்க வேண்டும். வெர்னியர் 2.6 காட்டியது. ஸ்டீல் தட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்து ஓரத்தை அழுத்தினால் இரண்டு தட்டுகள் டக்டக் என்று ஆடின. நீலம் பாய்ந்த அடையாளம் வேறு. ஹவுசிங்கின் விரல்களில் தட்டுகளின் காது மோதி மோதி வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி தடுக்கியது.

எதைக் கம்பெனியில் தேடுவது, எதை வெளியில் வாங்குவது? அப்பாவாக இருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். இன்று ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனிப் பதில்.

பிளேட்டை எடுத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் பெரும்பாலும் கிளட்ச் பிளேட்டை வெளியிலிருந்துதான் வாங்குகின்றன. ஜப்பானில் 1939-இல் தொடங்கிய எஃப்சிசி மாதிரி, கிளட்ச் செய்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அப்பா பத்திரப்படுத்திய பாக்கெட் சொன்னது, "இதை நான் செய்தேன்" என்பதை அல்ல, "இதை நான் சோதித்தேன், நான் பொறுப்பு" என்பதை. பொறுப்பேற்க ஆள் இல்லாத பாக்கெட் வெறும் காகிதம். இன்னொன்றும் உண்டு. எங்கேயோ ஒரு டீலரின் கிடங்கில் தூங்கி, இன்று தங்க விலைக்கு வருகிற நிஜமான பழைய ஸ்டாக் பிளேட்டாகவே இருக்கட்டும். அந்தப் பசைக்கும் பட்டைக்கும் வயது முப்பது. நம் ஊர் வெக்கையில் காய்ந்து கிடந்தது. பாய் அப்படி ஒன்றை வளைத்துப் பார்த்தார். பட்டை ஓரத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு. "இத மாட்டாத தம்பி, கண்ணாடிப் பெட்டியில வை." இன்று வருகிற நல்ல வெளி மேக்குகளில் நார்களைப் பிசினோடு சேர்த்து அழுத்திய, காகிதம் மாதிரியான பட்டை. சூட்டை இது கார்க்கைவிட நன்றாகத் தாங்கும். வாங்கினது அதைத்தான். ஆறு மாதமாகிறது, ஒரு குறையும் இல்லை. சரி, ஒன்று உண்டு: கிளட்ச் கொஞ்சம் வெடுக்கென்று பிடிக்கிறது. கார்க்கின் அந்த வெண்ணெய் மாதிரியான இழுப்பு இல்லை.

ஸ்பிரிங் விஷயத்தில் நான் அப்பா கட்சி. கடைப்பையன் "ஹெவி ஸ்பிரிங் போட்டுக்கோங்கணா, ரேஸுக்குப் போடறது" என்றான். சைலன்சரையும் போர்ட்டையும் மாற்றி ஓடுகிற வண்டிக்கு அது தேவைப்படலாம். 11 குதிரையைப் பிடிக்க அந்தக் காலத்து ஸ்பிரிங்கின் அழுத்தமே போதும். கூடுதல் அழுத்தம் எல்லாம் கேபிளுக்கும் புஷ் ராடு முனைக்கும் என் இடது மணிக்கட்டுக்கும்தான் போகும். அண்ணா சாலை சிக்னல்களில் வயதும் தன் பங்குக்கு அழுத்துகிறது. பழைய ஸ்பிரிங்கை அளந்ததில் நீளம் அதிகம் குறையவில்லை. அதையே மாட்டச் சொன்னேன்.

ஹவுசிங்தான் எல்லாரும் ஏமாறுகிற இடம். பளபளவென்று புது லோக்கல் ஹவுசிங் கிடைக்கிறது. அதன் பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரம் கிராங்கின் சின்னப் பல்லோடு சேர வேண்டும். பல்லின் வெட்டு ஒரு நூல் பிசகினாலும் மூன்றாவது கியரில் வண்டி விசில் அடிக்கும். அலுமினியமும் மென்மை, ஒரு வருடத்தில் பழையபடி பள்ளம். அதனால் புதுப்பேட்டைக்குப் போனோம். உடைத்த வண்டிகளிலிருந்து கழட்டின சாமான் குவியலில், தேய்மானம் குறைந்த ஒரிஜினல் ஹவுசிங் ஒன்றைப் பொறுக்கினோம். பாயின் மகன் அரத்தை எடுத்து விரல்களின் ஓரத்தை நேராக்கினான். இரண்டே இழுப்பில் பாய் கையைப் பிடித்துவிட்டார். அதிகம் ராவினால் காது ஆடும், சத்தம் வரும். புது லோக்கலைவிடப் பழைய கம்பெனி மேல் என்று அப்பாவிடம் சொன்னால் நம்பியிருக்க மாட்டார். அவர் காலத்தில் பழைய சாமான் என்றால் திருட்டுச் சாமான்.

கேபிளுக்கு யோசனையே தேவையில்லை. லோக்கலில் இரண்டு வாங்கி, ஒன்றை மாட்டி, இன்னொன்றை அதன் கூடவே டேப் சுற்றி விட்டால் போதும். லீவரில் கொஞ்சம் ஆட்டம் விட மறக்கக் கூடாது. ஆட்டமே இல்லாமல் இறுக்கி வைத்தால் பிளேட் பாதி பிடித்தபடியே ஓடித் தேயும்.

நான் மறைத்து வைத்த ஒரு சங்கதியையும் பாய் கண்டுபிடித்துவிட்டார். விரலில் ஆயிலைத் தொட்டு உருட்டிப் பார்த்து, "என்ன ஊத்தின?" என்றார். வீட்டில் காருக்கு வாங்கி மிச்சமிருந்த விலை உயர்ந்த ஆயில். நல்லது என்று நினைத்துதான் ஊற்றினேன். காரின் கிளட்ச் ஆயிலில் குளிப்பதில்லை. அதனால் அந்த ஆயில்களில் வழுக்கலைக் கூட்டுகிற சேர்மானங்கள் இருக்கலாம். அது நனைந்த கிளட்சுக்கு ஆகாது. இதற்கென்றே ஜப்பானியர்கள் 1998-இல் ஜாசோ எம்ஏ என்று ஒரு தரத்தை வகுத்தார்கள். டப்பாவின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அன்றைக்கு எங்கள் தெரு மெக்கானிக்குகளிடம் இருந்தது ஒன்றிரண்டு வகை ஆயில்தான், தப்பு பண்ணவே வாய்ப்பில்லை. இன்று ரேக்கில் இருபது வகை. கம்பெனி பிளேட்டாகவே இருந்தாலும் இந்த ஆயிலில் வழுக்கியிருக்கும் என்று பாய் சொன்னபோது, லோக்கல் பிளேட்டை நினைத்து எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

வேலை முடிந்து இரண்டு நாள் கழித்து, கவர் கேஸ்கெட் இன்னொன்று கையிருப்புக்கு இருக்கட்டும் என்று மறுபடி அதே கடைக்குப் போனேன். நம்பர் ஒப்பிடுவதற்காக அப்பாவின் ஆர்சி புத்தகத்தைப் பிரித்து, மடித்து வைத்திருந்த பாக்கெட்டுகளைக் கவுண்டரில் பரப்பினேன். அச்சு மங்கவில்லை. கீறின ஓரத்தைத் தவிர வேறு சேதமே இல்லை. பையன் கேஸ்கெட்டை மறந்துவிட்டு அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தான். அவரும் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், இந்தக் காலி பாக்கெட்டெல்லாம் குடுத்துடறீங்களா? நல்ல விலை போட்டுத் தர்றேன்."

எல்லாவற்றையும் எடுத்து, பார்ட் நம்பர் மேலே தெரிகிற மாதிரி மடித்து, புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். கேஸ்கெட்டை வேறு கடையில் வாங்கினேன். லோக்கல்தான்.