கொம்பனிகளில் உள்ளக விசாரணை

கொம்பனியொன்றில் முறைகேடு நிகழ்ந்ததென ஐயம் எழுந்தவிடத்து, அரசு தலையிடுமுன் அக்கொம்பனி தானே உண்மையை ஆராய முற்படுதல் உள்ளக விசாரணை எனப்படும். தன் குற்றத்தைத் தானே விசாரித்தல் எங்ஙனம் கூடும் என வினவுவர் சிலர். விசாரிப்பவர் யார், அவர் தம் முடிவை யாரிடம் ஒப்புவிக்கின்றார் என்னும் இரண்டையும் பொறுத்ததே அதற்குரிய விடை. அமெரிக்காவில் ஓராண்டுக்குள் நிகழ்ந்த இரு விசாரணைகள் இதனைத் தெளிவுறுத்தும்.

2001 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், என்ரன் கொம்பனியின் உபதலைவர்களுள் ஒருவராகிய செரன் வாட்கின்ஸ் என்னும் பெண்மணி, கணக்குகளிற் காணப்பட்ட புரட்டுக்களைச் சுட்டித் தலைவர் கெனத் லே என்பாருக்குக் கடிதம் எழுதினார். அதனை ஆராயும் பணி, கொம்பனியின் வழக்கமான சட்டத்தரணிகளிடமே விடப்பட்டது. அவர்களோ, ஐயத்துக்குரிய கொடுக்கல் வாங்கல்கள் சிலவற்றுக்கு முன்னரே ஆலோசனை வழங்கியோர். கணக்கீட்டு முறையின் சரி பிழையை ஆராய வேண்டுவதில்லை என வரம்பும் வகுக்கப்பட்டது. நோயுள்ள இடத்தைத் தொடாது நோயாளியைச் சோதிக்குமாறு மருத்துவனைப் பணித்தாற் போன்றது இது. மேலும் விரிவான விசாரணை வேண்டா என ஒக்டோபரில் அறிக்கை வந்தது. டிசம்பர் 2 ஆந் திகதி என்ரன் வங்குரோத்தாயிற்று.

மற்றையது வேள்ட்கொம் என்னும் தொலைபேசிக் கொம்பனி. பிறருடைய கம்பிவழிகளைப் பயன்படுத்துவதற்கு அது கொடுத்த கட்டணம் அவ்வப்போதைய செலவாகும். அதனை அவ்வாண்டு வருமானத்திலிருந்தே கழித்தல் வேண்டும். ஆனால், அது மூலதனச் செலவாகப் பதியப்பட்டது. வாடகை வீட்டிலிருப்பவன் தான் கொடுத்த வாடகையை வீடு வாங்கிய பணமென எழுதிக்கொள்வது எத்தகையதோ, இதுவும் அத்தகையதே. நட்டம் இலாபமாகத் தோன்றிற்று.

2002 ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தவர் உள்ளகக் கணக்காய்வுப் பகுதித் தலைவர் சிந்தியா கூப்பர். அவரும் உதவியாளரும் பிறர் அறியாவண்ணம் இரவில் இருந்து பேரேட்டுப் பதிவுகளைத் துருவினர். விளங்காத பதிவொன்றைக் குறித்து அலுவலர் பலரிடமும் தனித்தனியே வினவினர். ஒருவர் மற்றொருவரைச் சுட்டினாரேயன்றி விளக்கந் தந்தாரில்லை. உரிய ஆவணங்களைக் கேட்டபோது, அவை இல்லையென்பதைக் கணக்குப் பகுதித் தலைவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வன்சொல்லும் மிரட்டலும் இன்றி, ஒரே வினாவைப் பலரிடமுங் கேட்டு, சொல்லை ஏட்டோடு ஒப்பு நோக்குவதே விசாரணைக் கலையின் பெரும்பகுதி என்க.

எனினும் இடர் வேறிடத்தில் இருந்தது. நிதிப் பொறுப்பாளர் ஸ்கொட் சலிவன், கணக்காய்வைப் பின்போடுமாறு கேட்டார். நிருவாக முறையில் கூப்பர் அவருக்கே கீழ்ப்பட்டவர். அவர் அதற்கு இணங்கியிருப்பின் விசாரணை அன்றே முடிந்திருக்கும். ஆயின், அவர் பணிப்பாளர் சபையின் கணக்காய்வுக் குழுத் தலைவரை நாடினார். யூன் 25 ஆந் திகதி ஏறத்தாழ 380 கோடி டொலர்ப் புரட்டு வெளியிடப்பட்டது. பின்னர் அத்தொகை 1,100 கோடியளவு எனக் காணப்பட்டது. சலிவன் குற்றத்தை ஒப்பி 5 ஆண்டுச் சிறையும், தலைவர் பேர்னாட் எபர்ஸ் 25 ஆண்டுச் சிறையும் 2005 இல் விதிக்கப்பெற்றனர். உண்மை வெளிப்பட்டமை கொம்பனியைக் காக்கவில்லை. யூலை 21 ஆந் திகதி அதுவும் வங்குரோத்தாயிற்று. குற்றமறியாத ஊழியர் பல்லாயிரவர் வேலையிழந்தனர்.

அம்மாத இறுதியில் நிறைவேறிய சார்பேன்ஸ்-ஒக்ஸ்லி சட்டம், பங்குச் சந்தையில் இடம்பெறும் கொம்பனிகளின் கணக்காய்வுக் குழுவினர் நிருவாகத்தைச் சாராதவராதல் வேண்டும் என விதித்தது. ஊழியர் தம் பெயரை வெளியிடாது அக்குழுவிடம் முறையிடுவதற்கும் அச்சட்டம் வழி செய்தது.