நிலமும் ஆட்சி அடுக்குகளும்: மலையகப் பெருந்தோட்டத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

காணி அதிகாரம் பற்றிய விவாதம் எமது நாட்டிலே பெரும்பாலும் கொழும்புக்கும் மாகாணங்களுக்கும் இடையிலான அதிகாரப் பங்கீட்டுப் பிரச்சினையாகவே நடத்தப்பட்டு வந்துள்ளது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் எதைக் கொடுத்தது, எதைக் கொடுப்பதுபோற் காட்டி மீளப் பெற்றுக்கொண்டது என்பன முக்கியமான வினாக்களே. ஆயின், நிலத்திலே உழைப்பவனுக்கும் நிலத்துக்குமுள்ள உறவை ஆட்சியின் ஒவ்வோர் அடுக்கும் எவ்வாறு நிர்ணயிக்கின்றது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அதனை நாம் மலையகத்திலிருந்து எழுப்ப விரும்புகின்றோம். இத்தெரிவுக்குக் காரணமுண்டு. அரச காணி தொடர்பாக மாகாணத்தின் அதிகாரத்தை வரையறுத்த 2013ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பு வடக்கிலோ கிழக்கிலோ தோன்றிய வழக்கொன்றில் வழங்கப்பட்டதன்று. ராகலைப் பகுதித் தோட்டமொன்றிலே தோன்றிய வழக்கில் வழங்கப்பட்டதாகும்.

வரலாற்றுத் தொடக்கத்தைச் சுருக்கமாகவே நோக்கலாம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியன மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன என அனுமானித்தது. கண்டி விவசாயி தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த நிலத்துக்கு எழுத்துச் சான்று காட்டவேண்டியவனானான். அச்சான்று இல்லாத நிலம் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் போயிற்று. 1897ஆம் ஆண்டுத் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் இப்போக்கை மேலும் இறுக்கியது. சட்டத்தை மேலடுக்கு இயற்ற, அதன் வலியைக் கீழடுக்கே குடிமகனுக்கு உணர்த்திற்று. லெனாட் வூல்வ் 1913இல் வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய ஆங்கில நாவலிலே, ஒரு குடும்பத்தின் அழிவு சேனை அனுமதியைத் தன் கையில் வைத்திருக்கும் கிராமத் தலைமைக்காரனிடமிருந்தே தொடங்குகின்றது. குடியேற்ற ஆட்சியின் உத்தியோகத்தராயிருந்த ஒருவர் இதனைக் கண்டு எழுதினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நிலமற்ற விவசாயிகளுக்கு அனுமதிப் பத்திர அடிப்படையில் அரச காணி வழங்கப்பட்டது. வரண்ட வலயக் குடியேற்றங்கள் இவ்வழியே எழுந்தன. தோட்டத் தொழிலாளர் இவ்வரலாற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபொழுது, காணி கோரும் தகுதியும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டமை வெறும் அலங்காரமன்று.

1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருடைமைக்கு நெற்காணியில் 25 ஏக்கரும் பிற காணியில் 50 ஏக்கரும் என உச்சவரம்பிட்டது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. 1992இல் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நீண்டகாலக் குத்தகைகள் தொடர்ந்தன. ஸ்டேர்லிங் கம்பனி, அரச கூட்டுத்தாபனம், பிராந்தியக் கம்பனி என உரிமையும் முகாமையும் கைமாறியபோதெல்லாம் லயத்திலுள்ள காம்பரா வேலையோடு பிணைந்த ஒன்றாகவே இருந்தது. தேசியமயமாக்கல் உழைப்பாளிக்கு நிலத்தைக் கொடுக்கவில்லை. அவனது எசமானை மட்டுமே மாற்றிற்று. இதனை முற்போக்காளராகிய நாம் போதிய அழுத்தத்துடன் கூறியதில்லை.

இனி 1987ஆம் ஆண்டு ஏற்பாட்டை நோக்குவோம். மாகாண சபை நிரலிலே காணி இடம்பெறுகின்றது; ஆனால் இரண்டாம் பின்னிணைப்பிற் கூறப்பட்ட அளவுக்கு மாத்திரம். அப்பின்னிணைப்போ, அரச காணி தொடர்ந்தும் குடியரசுக்கே உரித்தாகுமெனத் தொடங்குகின்றது. மாகாணத்திலுள்ள அரச காணியைப் பராதீனப்படுத்துபவர் சனாதிபதி. சபை ஆலோசனை கூறலாம். ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களைத் தழுவும் நீர்ப்பாசனத் திட்டங்கள் மத்திக்கே உரியன. நாடு முழுவதற்குமான நிலப் பயன்பாட்டுக் கொள்கையை வகுக்கவேண்டிய தேசிய காணி ஆணைக்குழு முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் அமைக்கப்படவில்லை. அனுமதிப் பத்திரம் வழங்கும் பிரதேச செயலாளரோ மத்திய அரசின் உத்தியோகத்தர். ஆக, மாகாணத்துக்கு மேலும் மத்தி, கீழும் மத்தி.

ராகலை வழக்கின் பொருள் இப்பின்னணியிலேயே துலங்கும். 1979ஆம் ஆண்டு அரச காணிகள் (ஆட்சி மீளப்பெறல்) சட்டத்தின்கீழ், தோட்டக் காணியில் இருந்த ஒருவருக்கு வெளியேறுமாறு அறிவித்தல் விடுக்கப்பட்டது. இச்சட்டம் மிகக் கடுமையானது. நீதவான் முன்னிலையில் நிற்பவர் செல்லுபடியான அனுமதிப் பத்திரத்தையோ எழுத்துமூல அதிகாரத்தையோ காட்டலாம். எத்தனை ஆண்டு வாழ்ந்தார், அவருடைய பெற்றோர் அங்கே உழைத்தனரா என்பன அங்கே வழக்காகா. அவர் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரினார். அரச காணி மாகாண நிரலுக்குள் அடங்காது, எனவே மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இதிலே நியாயாதிக்கமில்லை என 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பின் அரசியலமைப்பு விளைவுகள் பற்றி நிறையவே பேசப்பட்டது. அறிவித்தலைப் பெற்ற மனிதரின் நிலை பற்றிப் பேசியோர் சிலரே. ஆட்சியடுக்கு மாறும்போது குடிமகன் கதவு தட்டுமிடமும் மாறுகின்றது. கண்டியிலே தட்டக்கூடியதாயிருந்த கதவு மூடப்பட்டால் கொழும்புக்குச் செல்லவேண்டும். அதற்கான செலவு தோட்டக் கூலியில் எத்தனை நாளையது என்பதைச் சட்ட அறிஞர் கணக்கிடுவதில்லை.

அடிமட்டத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகக் கொள்ளப்பட்டது. வாக்குரிமை பெற்ற தொழிலாளர் உறுப்பினரைத் தெரிந்தனர், தவிசாளர்களையும் உருவாக்கினர். ஆயினும், தெரிவானவர் தமக்கு வாக்களித்தோரின் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட முடியாதவராயிருந்தார். பாதை தோட்டத்துக்குரியது; அதற்குத் துரையின் சம்மதம் வேண்டும். இத்தடை 2018இல் திருத்தத்தின் மூலம் தளர்த்தப்பட்டது. அது உண்மையான வெற்றியே. எனினும் சபை வடிகால் அமைக்கலாம், விளக்குப் பொருத்தலாம். வடிகாலுக்கு இருபுறமுமுள்ள மண் யாருடையது என்பதில் அதற்குக் குரலில்லை.

இதனாலேதான் 7 பேர்ச்சஸ் காணிக் கோரிக்கையை நாம் வெறும் வீடமைப்புக் கோரிக்கையாகக் கருதுவதில்லை. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஆகவே கேட்கப்படுவது ஏக்கரில் ஏறத்தாழ இருபத்து மூன்றில் ஒரு பங்கு. இச்சிறு துண்டைக் கொடுப்பதற்கு அமைச்சு தீர்மானிக்கவேண்டும். குத்தகைக் கம்பனி காணியை விடுவிக்கவேண்டும். நில அளவையாளர் எல்லையிடவேண்டும். பின்னரே உறுதி எழுதப்படும். இவ்வரிசையிலே மாகாண சபைக்கோ பிரதேச சபைக்கோ தீர்மானிக்கும் இடம் எதுவுமில்லை. கம்பனிக்கு மட்டும் உண்டு. வீட்டின் சாவி கையளிக்கப்பட்டும் உறுதி கிடைக்காத குடும்பங்களை நாம் தோட்டங்களிலே காண்கின்றோம். உறுதியில்லாத வீட்டை ஈடுவைக்க முடியாது. தொழிலை விட்டு நீங்கும் பிள்ளை அவ்வீட்டில் எவ்வுரிமையுடன் இருக்கின்றான் என்பதும் தெளிவில்லை. லயத்துக் காம்பராவில் அவனது பாட்டனுக்கிருந்த நிலையும் இதுவே.