தாத்தாவின் மூச்சும் எட்டுக் கேள்விகளும்

மாணவர்களே, உட்கார்ந்தபடியே ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். (ஆஸ்துமா உள்ளவர்கள் படித்தால் மட்டும் போதும்.) நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். அதில் கால் பங்கை மட்டும் வெளியே விட்டு, உடனே மறுபடியும் இழுங்கள். மீண்டும் கால் பங்கை மட்டும் விடுங்கள். மூன்று முறை போதும். இனி இழுக்க இடமே இல்லை என்று தோன்றுகிறதல்லவா? இதே நிலையில் இரண்டு மாடி ஏற வேண்டுமென்றால் எப்படியிருக்கும்? சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள பலருக்கு அன்றாட வாழ்க்கையே இப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021இல் இந்நோயால் ஏறத்தாழ 3.5 மில்லியன் பேர் இறந்தனர்.

மூச்சு ஏன் வெளியே வர மறுக்கிறது?

நம் நுரையீரலில் பல நூறு மில்லியன் காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர்கள் ரப்பரைப் போல மீள்தன்மை கொண்டவை. மூச்சை இழுக்கும்போது விரியும். விடும்போது தாமாகவே சுருங்கிக் காற்றை வெளியே தள்ளும். மெல்லிய மூச்சு நுண்குழாய்களை எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்து, அவை மூடிக்கொள்ளாமல் காப்பதும் இந்தச் சுவர்களே. பல ஆண்டுகள் சிகரெட் புகையோ விறகடுப்புப் புகையோ உள்ளே போனால் இச்சுவர்கள் சிதையக்கூடும். குழாய்களும் வீங்கி, சளி சேரும். அப்போது மூச்சை விடும்போதே நுண்குழாய்கள் மூடிக்கொள்வதால் காற்று உள்ளே சிக்கிக்கொள்கிறது. வேகமாக நடந்தால் மூச்சுவிடக் கிடைக்கும் நேரம் குறையும். சிக்கும் காற்று இன்னும் கூடும்.

அன்பால் செய்த தவறு

என் தாத்தாவுக்கு இந்நோய் இருந்தது. அவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பயந்து, கையிலிருக்கும் தண்ணீர்க் குவளையைக்கூட நாங்கள் வாங்கிக்கொள்வோம். "நீங்க உட்காருங்க தாத்தா, நான் எடுத்துட்டு வரேன்" என்போம். முதலில் ஒட்டுக்கடைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு கோயிலுக்குப் போவதையும் விட்டார். கடைசியில் குளியலறைக்குப் போய் வருவதற்கே இளைத்தார்.

நடக்காத கால்களின் தசைகள் மெலியும். மெலிந்த தசை சிறிய வேலைக்கே லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். அதை ஈடுகட்ட உடல் மேலும் வேகமாக மூச்சுவிடும். மூச்சு வாங்கும் பயத்தில் அவர் மறுபடியும் உட்கார்ந்துவிடுவார். இது ஒரு சுழல். அதை வேகமாகச் சுற்றிவிட்டவர்களில் நானும் ஒருவன்.

எதை அளப்பது?

மருத்துவமனையில் ஸ்பைரோமீட்டர் என்ற கருவியில் ஊதச் சொல்வார்கள். பலங்கொண்டு ஊதும் மொத்தக் காற்றில் முதல் வினாடியில் எவ்வளவு வெளிவருகிறது என்று பார்ப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், அது இந்நோயின் முக்கிய அடையாளம்.

ஆனால், ஒரே அளவு உள்ள இருவரில் ஒருவர் சந்தைக்குப் போவார். மற்றவர் கட்டிலை விட்டு இறங்கமாட்டார். ஆகவே, மருத்துவர்கள் நோயாளியிடமே கேட்கிறார்கள். 'கேட்' எனும் சோதனையில் எட்டுக் கேள்விகள் உண்டு. இருமல், சளி, நெஞ்சிறுக்கம், மாடிப்படி ஏறுதல், வீட்டு வேலை, வெளியே செல்லும் துணிச்சல், தூக்கம், தெம்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. மொத்தம் 40. புள்ளி கூடக் கூட, நோய் வாழ்க்கையை அதிகமாக நெருக்குகிறது என்று பொருள். ஆறு நிமிடங்களில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதையும் அளப்பார்கள்.

தாத்தாவை நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பல வாரங்கள் கண்காணிப்புடன் நடை, கால் தசைப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி. மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விட வேண்டும். குவிந்த உதடு காற்றைத் தடுப்பதால் உள்ளே அழுத்தம் நிலைத்து, நுண்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாது. பயிற்சியின் முடிவில் ஸ்பைரோமீட்டர் எண் ஏறக்குறைய அப்படியே இருந்தது. சிதைந்த நுண்ணறை திரும்பி வராது. ஆனால், கால்கள் தேறின. வழியில் இரண்டு இடங்களில் நின்று நின்று, தாத்தா மறுபடியும் ஒட்டுக்கடைக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்தார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், மருத்துவர் அனுமதித்த அளவுக்கு அவரை நடக்கவிடுங்கள். அவர் வேகத்திலேயே உடன் நடங்கள். படியேறும்போது கேள்வி கேட்காதீர்கள். ஏறி முடித்து மூச்சு சீரான பிறகு பேசலாம். புகைமூட்ட நாள்களில் வீட்டுக்குள்ளேயே நடக்கச் சொல்லுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, உட்கார்ந்த பிறகும் மூச்சுத்திணறல் அடங்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

உங்களிடம் யாராவது சிகரெட்டையோ வேப்பையோ நீட்டினால், தொடக்கத்தில் செய்த சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூன்றாவது மூச்சில் நிறுத்திவிட்டீர்கள். தாத்தாவால் நிறுத்த முடியவில்லை.