உருவமற்ற உடைமை

கல்வியை மறைத்து வைப்பது குற்றமென அறிந்த நம்மவருள் சிலர், மார்க்க நூல்களை உரியவர் இசைவின்றி அச்சிட்டுப் பரப்புவதையும் நற்பணியென்றே கருதுகின்றனர். அறிவுக்கு வேலியிடலாமா என்பது அவர்கள் வினா. சட்டமும் அறிவுக்கு வேலியிடவில்லை என்பதே நம் விடை.

பதிப்புரிமை கருத்தைக் காப்பதன்று. கருத்து வெளிப்பட்ட வடிவத்தையே அது காக்கிறது. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுறுத்தியது. சீறாப்புராணம் இன்று பொதுவுடைமை, எவரும் பதிப்பிக்கலாம். அதற்கு நம் காலத்து அறிஞர் எழுதும் உரையோ அவருக்குரியது. திருக்குர்ஆனின் அரபு மூலம் எவருடைய சொத்துமன்று. அதன் தமிழாக்கத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு உரிமையுண்டு. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்வுரிமை ஆசிரியரின் வாழ்நாளும், அவர் மறைந்த ஆண்டினை அடுத்து 60 ஆண்டுகளும் நீடிக்கும். எழுதிய அளவிலேயே அது பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. கண்டுபிடிப்புக்கான காப்புரிமையோ விண்ணப்பித்துப் பெற வேண்டியது. 20 ஆண்டுகளில் முடிவது.

கையில் பிடிக்க இயலாத ஒன்று சொத்தாகுமா? முற்கால ஹனஃபீ அறிஞர்கள், கைக்கொண்டு சேமிக்கத்தக்க பொருளையே ‘மால்’ என்றனர். ஷாஃபிஈ அறிஞர்கள் பயன்களையும் அதனுள் அடக்கினர். இரு மத்ஹபினரும் வாழும் நம் பகுதியில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1988இல் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகச் சின்னம் ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் காக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறல் கூடாது என்று தீர்மானித்தது.

பெயருரிமை இதனினும் பழமையானது. இஸ்னாதும் இஜாஸாவும் கண்ட சமூகம் நாம். ஹிஜ்ரி 911இல் மறைந்த இமாம் சுயூத்தி (ரஹ்), நூலாசிரியனையும் நூல் திருடனையும் வேறுபடுத்திக் காட்டத் தனி நூலே எழுதினார். இந்தியச் சட்டத்தின் 57ஆம் பிரிவும், பதிப்புரிமையை விற்ற பின்னும் ஆசிரியர் தம் பெயரைக் கோரலாம் என்கிறது.

விலக்குகளும் உண்டு. சொந்தப் படிப்பு, ஆய்வு, விமர்சனம் ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாடு குற்றமாகாது. பாடத்தேவைக்காக நூற்பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பதை 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்றது. முழு நூலையும் மறுஅச்சிட்டு விற்பதற்கு இவ்விலக்குப் பொருந்தாது.

நம் எழுத்தாளர்கள் பலர் வாய்மொழி நம்பிக்கையிலேயே கைப்பிரதியை ஒப்படைக்கின்றனர். கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் வசனத்தை (2:282) நாள்தோறும் ஓதுவோர் இங்கு மட்டும் எழுத மறப்பது வியப்பே. பதிப்புரிமையை மாற்றித்தர எழுத்தும் கையொப்பமும் வேண்டும். அதில் காலம் குறிக்கப்படாவிடில் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும்.