பேடில் போர்டு வாங்கப் போறீங்களா? கார்டைத் தேய்க்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க!

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, வருமான வரியும் இல்லை. போனஸ் வந்ததும் பல பேருக்கு வர்ற ஒரு ஆசையைப் பத்திப் பேசப் போறோம்: சொந்தமா ஒரு ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டு, சுருக்கமா எஸ்யூபி.

நான் இருக்கிறது தவளக்குப்பத்துல. கடலூர் ரோட்டில் பாண்டிச்சேரி பக்கம் கொஞ்சம் போனா நோணாங்குப்பம் படகு குழாம். சுண்ணாம்பாறு, அலையாத்தி மரங்கள், கழிமுகம், அதைத் தாண்டினா வங்கக் கடல். வார இறுதியில் இப்படி ஒரு தண்ணீரைப் பார்த்துட்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ திரும்பிப் போறவங்க, திங்கள்கிழமை ஆபீஸ்ல உட்கார்ந்து ஆன்லைன்ல போர்டு தேட ஆரம்பிச்சிடறாங்க. ஆசையில் தப்பே இல்லை. ஆனா அரை மணி நேரம் ஜாலியா நிக்கிற போர்டு வேற, 10, 15 கிலோமீட்டர் போற டூரிங் போர்டு வேற. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம வாங்கினா, அது வீட்டு லாஃப்ட்ல தூங்கும்.

வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

ஒரு உதாரணம் பார்ப்போம். இதெல்லாம் நான் எடுத்துக்கிட்ட எண்கள். உங்க எண்களைப் போட்டு மாத்திக்கோங்க. போர்டு, துடுப்பு, பம்ப், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். 5 வருஷம் கழிச்சு வித்தா 15,000 கிடைக்கும்னு வைங்க. அப்போ தேய்மானம் வருஷத்துக்கு 9,000. அதே 60,000 ஐ 7% வட்டிக்கு எஃப்டியில் போட்டிருந்தா கிடைச்சிருக்கும் 4,200. ரிப்பேர், உதிரி பாகம் 1,800. மொத்தம் வருஷச் செலவு 15,000 ரூபாய்.

ஒரு தடவை வாடகை 1,000 ரூபாய்னா, வருஷத்துக்கு 15 தடவை போனாத்தான் சொந்த போர்டும் வாடகையும் சமம். 6 தடவை மட்டும் போறீங்கன்னா ஒரு பயணத்துக்கு 2,500 ரூபாய் விழுது. வருஷத்துல 52 வாரம் இருக்கேன்னு நினைக்காதீங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மீதியில் கல்யாணம், ஆபீஸ் வேலை, சொந்த ஊர்ப் பயணம் எல்லாம் கழிச்சா எத்தனை மிஞ்சும்? அந்த எண்தான் முக்கியம்.

ஒரு விஷயம் வாடகைக்கு எதிரா இருக்கு. வாடகைக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் அகலமான, குட்டையான ஆல்-ரவுண்ட் போர்டு, அதுவும் மணிக்கணக்கில். நாள் முழுக்க தூரம் போகணும்னா அது சரிப்படாது. அதனால என் யோசனை: முதல்ல 10 தடவை வாடகைக்குப் போங்க. அதுக்கப்புறமும் ஆசை குறையலைன்னா வாங்குங்க.

தூரம் போற போர்டுக்கு என்ன பார்க்கணும்?

*நீளம்:* டூரிங் போர்டுகள் பெரும்பாலும் 11 அடியில் இருந்து 14 அடி வரை. தண்ணீரை வெட்டிட்டுப் போற மாதிரி கூர்மையான முன்பக்கம் இருக்கணும். போர்டோட அதிகபட்ச வேகம், தண்ணீரில் படுற நீளத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்து கூடும். 10 அடி 6 அங்குலத்தில் இருந்து 12 அடி 6 அங்குலத்துக்குப் போனா சுமார் 9% லாபம். அங்கிருந்து 14 அடிக்குப் போனா சுமார் 6% தான். முதல் ரெண்டு அடி கொடுக்கிற பலனை அடுத்த ஒன்றரை அடி கொடுக்காது. நீளமான போர்டு நேராவும் ஓடும். பக்கம் மாத்தி மாத்தி துடுப்பு போடுற வேலை குறையும். நிறைய பேருக்கு 12 அடி 6 அங்குலம் போதும்.

*அகலம்:* 28 அங்குலம் வேகம், ஆனா ஆடும். புதுசா டூரிங் போறவங்களுக்கு 30 முதல் 32 அங்குலம் பாதுகாப்பு. கால் நடுங்கிக்கிட்டே 10 கிலோமீட்டர் போக முடியாது.

*எடை தாங்கும் அளவு:* உங்க எடை 70 கிலோ, தண்ணீர், சாப்பாடு, பை எல்லாம் 15 கிலோன்னா மொத்தம் 85. அதிகபட்சம் 90 கிலோன்னு போட்ட போர்டு மிதக்கும். ஆனா அமுங்கி, மெதுவாத்தான் போகும். 130 கிலோ தாங்குற போர்டா பாருங்க. சம்பளம் மொத்தத்துக்கும் ஈஎம்ஐ கட்ட மாட்டோம் இல்லையா, அதே மாதிரிதான்.

*காத்தடிக்கிறதா, கெட்டியானதா?* கெட்டி போர்டு வேகமா போகும். ஆனா வாடகை வீட்டு மாடிப்படியில் 12 அடிப் பலகையை ஏத்திப் பாருங்க! ஃபிளாட்ல இருக்கிறவங்களுக்கு காத்தடிக்கிற போர்டுதான் நடைமுறை. 6 அங்குல தடிமன், 15 பிஎஸ்ஐ அல்லது கம்பெனி சொல்ற அழுத்தம் தாங்கணும். காத்து குறைஞ்சா போர்டு நடுவில் வளையும், வேகம் போயிடும். வெயில்ல கரையில் போட்டு வெச்சா உள்ளே அழுத்தம் ஏறும்; நிழல்ல வைங்க, இல்லைன்னா கொஞ்சம் காத்தை இறக்கி விடுங்க. உப்புத் தண்ணீரில் போயிட்டு வந்தா நல்ல தண்ணியில் கழுவணும்.

*துடுப்பு:* எல்லாரும் இதில்தான் மிச்சம் பிடிக்கப் பார்ப்பாங்க. ஒரு வீச்சுக்கு 2.5 மீட்டர்னு வெச்சா, 15 கிலோமீட்டருக்கு 6,000 வீச்சு. துடுப்பு 300 கிராம் கூடுதலா இருந்தா, ஒரே நாள்ல 1,800 கிலோ அதிகமா தூக்குறீங்க. போர்டுல 5,000 குறைச்சு துடுப்புல போடுறது நல்ல முதலீடு.

விலைக்குப் பின்னால் ஒளிஞ்சிருக்கும் செலவு

வெளிநாட்டு வெப்சைட்ல குறைஞ்ச விலையைப் பார்த்து மயங்காதீங்க. சுங்க வரி, ஐஜிஎஸ்டி, கப்பல் அல்லது கூரியர் கட்டணம் எல்லாம் சேர்ந்த பிறகு வர்றதுதான் உண்மையான விலை. அப்புறம் ஃபின் உடைஞ்சா, வால்வு கசிஞ்சா உதிரி பாகம் இங்கே கிடைக்குமான்னும் கேளுங்க.

'நோ-காஸ்ட் ஈஎம்ஐ'ன்னு சொன்னாலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி, ப்ராசஸிங் ஃபீ, மொத்தமா கட்டினா கிடைக்கிற தள்ளுபடி போறது, இதெல்லாம் காஸ்ட்தான். எமர்ஜென்சி ஃபண்டைத் தொட்டு மட்டும் வாங்காதீங்க. மாசம் 5,000 தனியா ஒதுக்கினா 12 மாசத்துல 60,000. அந்த 12 மாசமும் வாடகை போர்டுல பழகுங்க.

இதுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது

பட்ஜெட்ல ஒரு பங்கை லைஃப் ஜாக்கெட், லீஷ், விசில், வாட்டர்ப்ரூஃப் மொபைல் பவுச்சுக்கு முதல்லயே எடுத்து வைங்க. ஏன்னா, நம்ம கிழக்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காலத்துல காலையில் காத்து பெரும்பாலும் நிலத்துல இருந்து கடலுக்கு வீசும். கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி அமைதியா தெரியும். நிமிர்ந்து நிக்கிற உங்க உடம்பே பாய்மரம். போறது சுலபம், திரும்பி வர்றதுதான் பாடு. அதனால போகும்போது காத்துக்கு எதிரா போங்க, திரும்பும்போது காத்து உங்களைத் தள்ளட்டும். இது கழிமுகத்துக்குள்ளேயும் பொருந்தும்.

கிளம்பும் முன் ஹைதராபாத் இன்காய்ஸ் வெளியிடுற கடல் நிலை முன்னறிவிப்பைப் பாருங்க. படகு ஓடுற இடத்துல இறங்கலாமான்னு படகு குழாம்லயும், அன்னைக்குத் தண்ணீர் எப்படின்னு மீனவ அண்ணன்கள்கிட்டயும் கேளுங்க. தலைமுறை தலைமுறையா கட்டுமரத்துல போய் வந்தவங்க, அவங்க 'இன்னைக்கு வேணாம்'னு சொன்னா அது இறுதித் தீர்ப்பு. ஓடுற ஆத்துல கணுக்கால் லீஷ் வேர்ல, கம்புல மாட்டிக்கும். இடுப்புல கட்டி, சட்டுன்னு கழட்டுற மாதிரி லீஷ் வாங்குங்க. இந்தியக் கடலோரக் காவல்படையோட 1554 எண் மொபைல்ல இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸும் பாருங்க. ஹெல்த் பாலிசிகள்ல ஐஆர்டிஏஐ வகுத்த விலக்கு 09, சாகச விளையாட்டுல 'தொழில்முறையா' ஈடுபடுறவங்களோட சிகிச்சைச் செலவைத்தான் சொல்லுது. பொழுதுபோக்கா போறவங்க அதில் வரமாட்டாங்க. ஆனா பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியோட வாசகம் வேற மாதிரி இருக்கலாம். எடுத்து ஒரு தடவை படிங்க, புரியலைன்னா கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க.

கடைசியா, இன்னைக்கு ராத்திரி செய்ய ஒரே ஒரு வேலை. போன 12 மாசத்து காலண்டரைத் திறந்து, நிஜமாவே ஃப்ரீயா இருந்த வார இறுதிகளை எண்ணுங்க. 15 க்கு மேல வந்தா தைரியமா சேமிக்க ஆரம்பிங்க. கம்மியா வந்தா, வாடகை போர்டுல போய் சந்தோஷமா இருங்க. மிச்சப் பணம் எஸ்ஐபியில் மிதக்கட்டும்.