செயற்கைப் புல்தரையும் இளம் முழங்கால்களும்

அடி அண்ணாமலையைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன், தந்தையின் தோளைப் பற்றியபடி நமது புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தான். ஊர்த் திடலின் மண்ணில் வெறுங்காலுடன் பந்தாடி வளர்ந்தவன். நகரில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் செயற்கைப் புல்தரையில், அண்ணனின் பழைய காலணியை அணிந்து ஆடியபோது, பந்தை மறித்துச் சட்டென உடலைத் திருப்பினான். உடல் திரும்பியது; பாதம் திரும்பவில்லை. முழங்காலினுள் ‘டப்’ என்றொரு ஓசை. அன்றிரவே மூட்டு வீங்கிவிட்டது.

எக்ஸ்ரே படத்தில் எலும்பு முறிவு இல்லை என்றதும் வீட்டார் நிம்மதியடைந்தனர். கட்டுப் போட்டு மூன்று வாரங்கள் ஓய்வளித்தனர். வீக்கம் வடிந்தது, மீண்டும் ஆடச் சென்றான், முழங்கால் மடங்கி விழுந்தான். எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் இரண்டு சேதங்கள் தெரிந்தன. முதல் நாளில் அறுந்தது, மக்கள் ‘ஜவ்வு’ என்று குறிப்பிடும் முன் குறுக்குத் தசைநார். இரண்டாம் முறை கிழிந்தது, மூட்டின் அதிர்ச்சியைத் தாங்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு. முதல் வீக்கத்தின்போதே முறையாகச் சோதித்திருந்தால் இரண்டாவது சேதத்தைத் தவிர்த்திருக்க இயலும்.

“டர்ஃப்ல ஆடுனதாலதான் இப்படி ஆச்சுங்களா சார்?” என்று தந்தை வினவினார். பல பெற்றோர் கேட்கும் வினா இது.

தரை மட்டுந்தான் காரணமா?

1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர உள்ளரங்கில் விரிக்கப்பட்டதன் வாயிலாகச் செயற்கைப் புல் புகழ்பெற்றது. அன்றைய விரிப்பு மெல்லியது, கடினமானது. இன்றைய விரிப்பில் நீண்ட பிளாஸ்டிக் இழைகளுக்கிடையே மணலும் ரப்பர்த் துகள்களும் நிரப்பப்படுகின்றன. நன்கு பராமரிக்கப்படும் இத்தகைய தரைகளில் காயங்களின் மொத்த எண்ணிக்கை இயற்கைப் புல்தரையினின்று பெரிதும் வேறுபடுவதில்லை என்றே பல ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் கணுக்கால், பாதக் காயங்கள் செயற்கைத் தரையில் கூடுதலாக நேர்வதாகவும் ஆய்வுகள் சுட்டுகின்றன.

காரணம் எளிது. மண்ணில் காலை ஊன்றித் திரும்பும்போது புல்லும் மண்ணும் சற்றுப் பெயர்ந்து வழிவிடும். செயற்கை விரிப்பு அவ்வாறு பெயராது. காலணியின் நீண்ட குமிழ்கள் அதில் சிக்கிக்கொண்டால், திருகும் விசை முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் செல்கிறது. துகள்கள் குறைந்து இழைகள் படுத்துவிட்ட பழைய தரை மேலும் கடினமானது. ஆகவே தரை ஒரு காரணம். பொருந்தாத காலணி, களைப்பு, வலுவற்ற தொடைத் தசைகள், பயிற்சியின்றித் திடீரென ஆடுதல் ஆகியன பிற காரணங்கள். ஆட்டத்தில் ஈடுபடும் பெண் பிள்ளைகளுக்கு இத்தசைநார் அறுபடும் வாய்ப்பு ஆண் பிள்ளைகளைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம்.

வெப்பமும் சிராய்ப்பும்

இயற்கைப் புல் நீராவியை வெளியிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் இழைக்கு அவ்வாற்றல் இல்லை. கோடை வெயிலில் செயற்கைத் தரையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசையும் கடக்கக்கூடும். நம் மாவட்டத்தின் சித்திரை, வைகாசி வெயிலில் முற்பகல் 10 மணி முதல் மாலை 5 மணி வரை அத்தரையில் பிள்ளைகளை ஆட விடாதீர்கள்.

வழுக்கி விழுந்து ஏற்படும் சிராய்ப்பை ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவி, துகள்களை நீக்கி, மூடி வையுங்கள். 10, 16 வயதுகளில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் போடப்படும் டி.டி. தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

தடுக்கும் வழி

செலவில்லாத ஒரு தற்காப்பு உண்டு. ‘ஃபிஃபா 11+’ எனப்படும் 20 நிமிடப் பயிற்சியில் மெல்லோட்டம், ஒற்றைக்கால் சமநிலை, தொடை வலுவூட்டல், முழங்காலை மடக்கி மென்மையாகத் தரையிறங்குதல் ஆகியன அடங்கும். நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள வீராங்கனைகளிடம் நடைபெற்று 2008இல் வெளியான ஆய்வில், இதனைச் செய்த குழுவினருக்குக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வாரத்தில் இருமுறையேனும் ஆட்டத்திற்கு முன் இதனைச் செய்தல் நன்று. செயற்கைத் தரைக்கெனக் குட்டையான பல ரப்பர்க் குமிழ்கள் கொண்ட காலணி கிடைக்கிறது. காலளவுக்குப் பொருந்தும் காலணியையே வாங்கிக் கொடுங்கள்.

அடிபட்டால் செய்ய வேண்டியவை

‘டப்’ என்ற ஓசை, சில மணி நேரத்தில் தோன்றும் வீக்கம், ஊன்ற இயலாமை, கால் நழுவும் உணர்வு ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் மூட்டு மருத்துவரை அணுகுங்கள். தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். ஆட்டத்தை நிறுத்தி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். எண்ணெய் தேய்த்து நீவ வேண்டா.

கட்டு எவர் போட்டாலும் இறுக்கமாக இருத்தலாகாது. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர், முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப்பின் போடப்பட்ட இறுக்கக் கட்டினால் இரத்தவோட்டம் தடைப்பட்டு, காலை இழந்து, பின்னர் உயிரையும் இழந்தார். விரல்கள் குளிர்ந்தாலோ, மரத்தாலோ, நிறம் மாறினாலோ, வலி மேன்மேலும் கூடினாலோ, மருத்துவமனையிலேயே இருந்தாலும் உடனே செவிலியரை அழைத்துச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, தயங்க வேண்டா.

அச்சிறுவனின் எலும்புகள் இன்னும் வளர்கின்றன. ஆகவே அவனுக்கான அறுவைச் சிகிச்சை, வளர்ச்சித் தட்டுகளுக்கு ஊறு நேராவண்ணம் திட்டமிடப்படுகிறது. அதன்பின் குறைந்தது ஒன்பது மாதங்கள் களத்திற்குத் திரும்ப இயலாது. அவன் தந்தைக்கு நான் அளித்த விடை இதுவே: பிள்ளையின் ஆட்டத்தை நிறுத்த வேண்டா, காலணியையும் பயிற்சியையும் கவனியுங்கள், முதல் வீக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.