இணைய நடுநிலையும் கருத்துரிமையும்: கட்டண வேறுபாட்டை முன்வைத்து

முன்னுரை

இணையவழிச் செல்லும் தரவுகளை, அவற்றின் உள்ளடக்கத்தையோ அனுப்புநரையோ கொண்டு வேறுபாடு காட்டாமல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதே இணைய நடுநிலைக் கோட்பாடு. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003இல் இச்சொல்லாட்சியை முன்வைத்தார். வணிகப் போட்டி சார்ந்ததாகவே பெரிதும் கருதப்படும் இக்கோட்பாடு கருத்துரிமை சார்ந்ததும் ஆகும் என்பதை இக்கட்டுரை இந்தியச் சூழலில் விளக்குகிறது.

விலையும் பேச்சுரிமையும்

1960ஆம் ஆண்டின் நாளிதழ் விலை, பக்க ஆணை, இதழின் விலைக்கேற்ப அதன் பக்க எண்ணிக்கையை வரையறுத்தது. சிறிய இதழ்களைக் காப்பதே நோக்கம் என அரசு வாதிட்டது. சகால் இதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961இல் அவ்வாணையைச் செல்லாததாக்கியது. விலையை உயர்த்தினால் வாசகர் குறைவர். பக்கத்தைக் குறைத்தால் கருத்துக்கு இடம் குறையும். இரண்டும் பேச்சுரிமையைத் தாக்குவன என்பதே தீர்ப்பின் சாரம். விலை என்பது வெறும் வணிகச் செய்தியன்று என்பது இதனால் புலனாகிறது.

ஒழுங்குமுறை ஆணையத்தின் தடை

2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியது. இணையத்தில் பேசுவோர்க்கு இருந்த தண்டனை அச்சம் ஒன்று அகன்றது. மூன்றே நாட்களில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கலந்தாய்வு அறிக்கை ஒன்றை வெளியிட்டது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் மறுமொழியாகக் குவிந்தன. தேர்ந்தெடுத்த தளங்களை மட்டும் கட்டணமின்றி வழங்கும் ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டமும் விவாதப் பொருளாயிற்று. ஏழைகளுக்குச் சிறிதளவு இணையமேனும் கிடைக்கும் என்பது ஆதரவாளர் வாதம். எனினும், அச்சிறிதளவு எது என்பதை நிறுவனமே முடிவு செய்யும்போது, பட்டியலில் இடம்பெறாதோர் குரல் அவ்வேழையின் செவிக்கு எட்டுவதில்லை. 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம், உள்ளடக்கம் சார்ந்த கட்டண வேறுபாட்டைத் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்ச அளவாக 50 இலட்சம் ரூபாய் எனத் தண்டமும் விதித்தது.

மறுப்பும் விடையும்

சகால் தீர்ப்பு விலைக் கட்டுப்பாட்டையே மறுத்தது. அவ்வாறாயின் இத்தடை மட்டும் பொருந்துமா என வினவலாம். நாளிதழ் தானே பேசுகிறது. தொலைத்தொடர்பு நிறுவனமோ பிறர் பேச்சைச் சுமந்து செல்கிறது. பேசுவோரைக் கட்டுப்படுத்துவதும் சுமப்போரைக் கட்டுப்படுத்துவதும் ஒன்றல்ல.

முடிவுரை

அரசின் தடையிலிருந்து காப்பதோடு கருத்துரிமை நிறைவடைவதில்லை. கேட்போரைச் சென்றடையும் வழியும் திறந்திருத்தல் வேண்டும். ஆயினும், அரசே இணையத்தைத் துண்டிக்கும்போது நடுநிலை விதி துணைநிற்பதில்லை. காலவரையற்ற துண்டிப்பு ஏற்கத்தக்கதன்று என ஜம்மு காஷ்மீர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியது. எனவே, இவ்விரு காப்புகளும் ஒன்றையொன்று நிறைவுசெய்வன எனலாம்.